பங்குலாபக் கொள்கை: நான்காம் வரைவு

மாங்குளம் சந்தியில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடி.
முதிரைத் தொலைக்காட்சிக்கு அதுதான் கலையகம்,
அதுதான் தலைமையகம்.
மழை வலுத்தால் தகரச் சத்தத்தில்
செய்தி வாசிப்பவர் உதடு மட்டும் அசைப்பார்.

"செயலாளர், ஒரு கொள்கை எழுதுங்கோ" என்றது பணிப்பாளர் சபை,
"வருசாவருசம் இதே சண்டை ஏலாது."

இதே சண்டை என்பது:
இலாபம் முப்பத்தொரு இலட்சம்.
பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்பத்தாறு பேர்.
பாதிப்பேர் "தா" என்று கை உயர்த்தினார்கள்,
பாதிப்பேர் "வை" என்று.
சோதிலிங்கம் இரண்டுக்கும் உயர்த்திவிட்டு
தேத்தண்ணி எப்போது என்று கேட்டார்.

தலைவர் வயல்காரர்.
கம்பனி அவருக்கு இன்னொரு குளம்.
"சிறுபோகக் கூட்டத்தில என்ன செய்யிறம்?
எத்தினை அடி தண்ணி நிக்குதெண்டு பாத்துத்தானே
எத்தினை ஏக்கர் எண்டு சொல்லுறம்?
துருசுக்குக் கீழ நிக்கிறதில
ஆரும் பங்கு கேக்கிறேல்லை. அது மீனுக்கு."

முதலாம் வரைவில் அதை அப்படியே எழுதினேன்.
வவுனியாவிலிருந்து கணக்காய்வாளர்
சிவப்பு மையால் கேட்டார்:
மீன் என்பது யார்?

இரண்டாம் வரைவில் மீன் இல்லை.
வரிக்குப் பின்னான இலாபத்தில் நாற்பது வீதம் பங்குலாபம்,
மிச்சம் ஒதுக்கம்.
ஒலிபரப்புக் கோபுரத்தின் பெறுமானம்
தேய்ந்து தேய்ந்து புத்தகத்தில் பூச்சியமாகி மூன்று வருடம்.
அது தெரியாமல் அது இன்னமும்
ஒட்டுசுட்டான் வரைக்கும் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
ஒருநாள் சரியும். அன்றைக்குக் காசு வேண்டும்.
கமராக்கார றெஜினோல்ட் கதவடியில் நின்று கேட்டான்:
"சம்பளம் கூட்டுறது எந்த வீதத்துக்க வரும், அக்கா?"
அது வேறு கொள்கை என்றேன்.
அப்படியொன்று இல்லை என்பது
அவனுக்கும் தெரியும்.

மூன்றாம் வரைவைப் பங்குதாரருக்குத் தபாலில் விட்டோம்.
ஸ்காபரோவிலிருந்து ஒருவர்:
எனக்குக் காசு வேண்டாம், மாமி வீட்டில்
படம் புள்ளி விழாமல் வந்தால் போதும்.
பனிக்கன்குளத்திலிருந்து ஒருவர், பத்துப் பங்கு:
தவிடு ஒரு மூடை இப்ப என்ன விலை எண்டு
உங்கட சபைக்குத் தெரியுமோ?
இருவர் சொன்னதும் நியாயம்.
இரண்டையும் ஒரே கோப்பில் போட்டேன்.

பிறகு ஏழாம் பிரிவு.
கொழும்புக் கம்பனி ஒன்றின் மாதிரிப் படிவத்திலிருந்து
நான் யோசிக்காமல் எடுத்துப் போட்டது:
ஆறு வருடத்துக்குள் கோரப்படாத பங்குலாபம்
பொது ஒதுக்கத்துக்கு மாற்றப்படும்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
யோ. நிறோஜன். பத்துப் பங்கு.
கையொப்பக் கட்டத்தில் தாயின் கையொப்பம்.
நாங்கள் பங்கு விற்ற வருடம்
அவன் இல்லாமல் போய் நாலு வருடம்.

ஒவ்வொரு ஆனியிலும் அவன் பெயருக்குக் காசோலை போகும்.
ஒவ்வொரு ஆடியிலும் யோகாம்பிகை அம்மா
பேருந்தில் வந்து, மாடியேறி, மேசையில் வைப்பார்.
வங்கி ஆளைக் கேட்கிறது.
பெயர் மாற்றலாம் என்று ஒருமுறை சொன்னேன்,
அதற்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதையும்.
"அந்தக் கடதாசியை நான் எடுக்கமாட்டன், பிள்ளை.
நீங்கள் வைச்சிருங்கோ."
தண்ணீர் குடித்துவிட்டு
நாலரைப் பேருந்துக்கு இறங்கிப் போவார்.

ஆறு காசோலை. இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபா.
முதலாவதற்கு வருகிற ஆனியோடு தவணை முடிகிறது.

நான்காம் வரைவு, ஏழாம் பிரிவு:
உரியவர் கோரும்வரை கம்பனி வைத்திருக்கும்.

சிவப்பு மை திரும்பி வந்தது:
எதுவரை? ஐந்தொகையில் எதன் கீழ் காட்டுவது?

முதற் கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
இரண்டாவதற்கு எழுதினேன்:
நடைமுறைப் பொறுப்புகள்,
மின்சாரக் கட்டணத்துக்கு அடுத்த வரி.